தரை துடைப்பதும் தொழில்நுட்பமே!



ஆண்டு மலர் என்றால் நாலு காதல் கவிதை இருக்கும். கம்ப்யூட்டரின் எதிர்காலம் பற்றி ஒரு கட்டுரை இருக்கும். "இளைஞனே விழித்தெழு" என்று ஒருவர் கண்டிப்பாக எழுதியிருப்பார். நடுவில் இடம் மிச்சம் இருந்தால் ஜோக்ஸ் போடுவார்கள். இந்த வரிசையில் தரை துடைப்பதையும், பாலீஷ் போடுவதையும் பற்றி ஒரு கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். "மெக்கானிக்கல் படிச்சிட்டு துடைப்பத்தைப் பத்தி எழுதறியே, வேற சப்ஜெக்ட்டே கிடைக்கலையா?" என்று என் பெஞ்ச்மேட்டே கேட்டுவிட்டான். வேறு சப்ஜெக்ட் நிறையக் கிடைத்தது. வேண்டுமென்றேதான் இதை எடுத்துக்கொண்டேன்.

காரணம் இதுதான். நாளைக்கு நாம் வேலைக்குப் போகப்போகிற கம்பெனி, நம் வீட்டுக் கல்யாணம் நடக்கப்போகிற மண்டபம், அம்மாவை அழைத்துப் போகிற ஆஸ்பத்திரி, தீபாவளிக்குத் துணி எடுக்கிற கடை, எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் நமக்கு முன்னால் வந்து தரையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறார். அந்த யாரோ ஒருவருக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் பெயர் 'அன்ஸ்கில்டு', அதாவது திறன் தேவைப்படாத தொழிலாளி. அந்தப் பெயர் தப்பு என்பதுதான் என் கட்சி. அது சும்மா பெயர்தானே என்று விட்டுவிட முடியாது. அந்தப் பெயரால்தான் சம்பளம் குறைகிறது, கையுறை கிடைக்காமல் போகிறது, சில சமயம் மூச்சே நிற்கப் பார்க்கிறது. இதை டிப்ளமோ படிக்கிற நாம் புரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார் புரிந்துகொள்வார்கள்?

ஒரே ஊரில் இரண்டு தரைகள்

நான் அணுபுரத்துப் பக்கத்துப் பையன். அணுபுரம் என்பது அணுசக்தித் துறையில் வேலை செய்கிறவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு. கல்பாக்கத்தில் 1971-ல் ஆராய்ச்சி மையம் வந்தது. 1984 ஜனவரியில் அணுமின் நிலையத்தின் முதல் அலகு வணிக உற்பத்தியைத் தொடங்கியது. அதிலிருந்து எங்கள் பக்கத்து மனிதர்களின் பேச்சில் 'பிளான்ட்', 'ஷிப்ட்', 'பாஸ்' என்ற வார்த்தைகள் எல்லாம் தமிழ் வார்த்தைகளாகவே ஆகிவிட்டன.

கதிரியக்கப் பொருள்களைக் கையாளும் இடங்களில் தரையை எப்படி அமைப்பார்கள் தெரியுமா? சாதாரண சிமெண்ட் தரையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அதில் ஏதாவது சிந்தினால் உள்ளே இறங்கிவிடும், அப்புறம் எடுக்க முடியாது. அதனால் எபாக்ஸி போன்ற பூச்சைப் போட்டு, துளையே இல்லாமல் வழவழப்பாக வைப்பார்கள். சுவரும் தரையும் சேர்கிற மூலையைக் கூட வளைவாக்கிவிடுவார்கள். மூலை என்று ஒன்று இருந்தால்தானே அங்கே தூசி ஒளிந்துகொள்ளும்! அங்கே சுத்தம் செய்கிற வேலைக்கு 'டீகன்டாமினேஷன்' என்று கம்பீரமான பெயர் உண்டு. பயிற்சி உண்டு, கையுறை உண்டு, காலுறை உண்டு, உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்க டி.எல்.டி. பேட்ஜ் உண்டு. துடைத்த பிறகு சுத்தமாயிற்றா என்று கருவி வைத்து அளந்து பார்ப்பார்கள். அந்த வேலையைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அதைப் பற்றி விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறார்கள்.

அதே எங்கள் பக்கத்தில், விடியற்காலை அஞ்சு மணிக்கு ஒரு வேன் வந்து நிற்கும். சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறுவார்கள். கொஞ்சம் பேர் மாமல்லபுரம் பக்கத்து ஹோட்டல்களுக்கு, கொஞ்சம் பேர் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிற கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு. அவர்கள் வேலையும் தரையைச் சுத்தம் செய்வதுதான். என் சித்தி அந்த வேனில் பல வருஷம் போனவர். "ட்ரெய்னிங் எல்லாம் குடுத்தாங்களா சித்தி?" என்று கேட்டேன். "மொதல் நாள் மாப்பு குடுத்தாங்க" என்றார். அவ்வளவுதான் பயிற்சி.

இரண்டு இடத்து ஆபத்தும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேலையின் அடிப்படை ஒன்றுதான். தரைக்கு வந்த வேண்டாத பொருளை, தரைக்கும் கேடு வராமல், ஆளுக்கும் கேடு வராமல் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் அதை விஞ்ஞானம் என்கிறோம், இன்னொரு பக்கம் 'கூட்டிப் பெருக்கறது' என்கிறோம். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? தரையிலிருந்து வரவில்லை. யார் செய்கிறார்கள் என்பதிலிருந்து வந்தது.

மணல் என்கிற உப்புக்காகிதம்

சரி, இதில் அப்படி என்ன தொழில்நுட்பம் இருக்கிறது என்று கேட்பீர்கள். நம் கடற்கரை மணலிலிருந்தே ஆரம்பிப்போம்.

மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அதற்கு 7. மார்பிளில் இருப்பது கால்சைட், அதற்கு 3 மட்டுமே. ஹோட்டல் வரவேற்பறையில் மார்பிள் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் கால் நனைத்துவிட்டு வருகிற டூரிஸ்ட் செருப்பில் மணலைக் கொண்டுவருகிறார். ஒவ்வொரு அடிக்கும் அந்த மணல் மார்பிளின் மேல் உப்புக்காகிதம் மாதிரி தேய்க்கிறது. ஒரு சீசன் முடிவதற்குள் நடைபாதை மட்டும் மங்கிப் போய்விடும்.

ஆகவே தொழில் தெரிந்தவர் செய்கிற முதல் வேலை துடைப்பது இல்லை, மணல் உள்ளே வராமல் தடுப்பது. வாசலுக்கு வெளியே முரட்டு மிதியடி, உள்ளே மெத்தென்ற மிதியடி, அதுவும் நாலைந்து அடி எடுத்து வைக்கிற நீளத்துக்கு. இரண்டாவது, ஈரத் துணி படுவதற்கு முன்னால் உலர்ந்த மாப்பால் தூசியை எடுத்துவிட வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? வந்ததும் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டித் தேய்க்கிறோம். மணலும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும்? நம் வொர்க்‌ஷாப்பில் வால்வு லேப்பிங் செய்யத் தடவுகிற பேஸ்ட் ஆகும்! அதாவது சுத்தம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தரையை அரைத்துக்கொண்டிருக்கிறோம்.

அமிலம் தின்ற தரையும் அடைத்த தொண்டையும்

அடுத்தது கெமிஸ்ட்ரி. மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். அதன் மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் கரியமில வாயு நுரைத்துக்கொண்டு வரும். இது பத்தாவது படித்த எல்லோருக்கும் தெரியும். மொசைக் தரை என்பது மார்பிள் சில்லும் சிமெண்டும் சேர்ந்தது, இரண்டையுமே அமிலம் தின்னும். ஆனால் கடைக்காரர் என்ன சொல்கிறார்? "கறை போகலையா, ஆசிட்ட ஊத்திக் கழுவும்மா." முதல் நாள் பளிச்சென்று இருக்கும். ஏனென்றால் அழுக்கோடு சேர்த்து மேல்தோலும் போய்விட்டது. தோல் போன இடம் சொரசொரப்பாகும், சொரசொரப்பில் அழுக்கு முன்பைவிடச் சீக்கிரம் பிடிக்கும், அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் ஆசிட். கடைசியில் தரை போச்சு. பழி அந்த அம்மா மேல்.

கல்யாண மண்டபத்துப் பந்தி நடக்கும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். மார்பிள் போட்டிருந்தால் அங்கங்கே மங்கல் வட்டம் தெரியும். எலுமிச்சை ரசம், புளி, மோர் எல்லாமே அமிலம்தான். சிந்திய உடனே துடைத்தால் தப்பிக்கலாம். பந்தி முடியட்டும் என்று விட்டால் வட்டம் நிரந்தரம். இதற்காகத்தான் கல் தரைக்கு அமிலமும் இல்லாத, காரமும் இல்லாத, பி.எச். 7-ஐ ஒட்டிய திரவம் பயன்படுத்தச் சொல்கிறார்கள்.

அதற்காக அமிலம் என்றாலே விரோதி என்று நினைக்கக் கூடாது. மொசைக் பாலீஷின் கடைசிக் கட்டத்தில் ஆக்ஸாலிக் அமிலப் பொடியைத் தூவித் தேய்ப்பது வழக்கம். அது கல்லோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத கால்சியம் ஆக்ஸலேட் என்ற மெல்லிய படலமாகிப் பளபளப்புக்கு உதவுகிறது. மார்பிளுக்கு 'கிரிஸ்டலைசேஷன்' என்று ஒரு முறை இருக்கிறது. ஃப்ளோரோசிலிகேட் உள்ள திரவத்தைத் தெளித்து, மெஷினில் இரும்புக் கம்பளியை மாட்டித் தேய்ப்பார்கள். சூட்டிலும் உராய்விலும் மேற்பரப்பின் கால்சைட் வேறொரு கெட்டியான சேர்மமாக மாறி மின்னும். எந்த அமிலம், எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று தெரிந்திருப்பதற்குத்தான் திறன் என்று பெயர். இந்த இரண்டு பொருளும் விஷத்தன்மை உள்ளவை, வெறுங்கையால் தொடக்கூடாது என்பதும் அந்தத் திறனில் சேர்த்தி.

தெரியாவிட்டால் என்ன ஆகும்? என் சித்தி வேலை பார்த்த ஒரு வணிக வளாகத்தில் கழிவறைத் தரை மஞ்சளாகிவிட்டது. சூப்பர்வைசர், "பிளீச்சிங் பவுடரப் போட்டு அது மேலயே ஆசிட்ட ஊத்து, நல்லா வெளுக்கும்" என்று சொல்லியிருக்கிறார். சித்தி ஊற்றினார். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. 1915-ல் முதல் உலகப் போரின்போது பெல்ஜியத்தில் ஈப்ர என்ற ஊரருகே ஜெர்மன் படை, எதிரிகள் மேல் ஆயுதமாகத் திறந்துவிட்டதும் இதே வாயுதான். ஜன்னல் இல்லாத கழிவறையில் என் சித்தி அதைச் சுவாசித்தார். வெளியே ஓடிவந்து படிக்கட்டில் உட்கார்ந்து இருமினார். இரண்டு நாள் குரலே வரவில்லை. அந்த இரண்டு நாள் சம்பளமும் வரவில்லை.

அந்தச் சூப்பர்வைசர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. டப்பாவின் மேல் எச்சரிக்கை போட்டிருந்தது, இங்கிலீஷில், எறும்பு சைஸ் எழுத்தில்.

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு ஒரு கணக்கு

தரை பாலீஷ் என்பது என்ன? வேறொன்றுமில்லை, கிரைண்டிங். முரட்டுக் கல்லில் ஆரம்பித்து, போகப் போக நைஸான கல்லுக்கு வருவது. மொசைக் தரையென்றால் கார்போரண்டம் கல், கிரானைட் என்றால் டைமண்ட் பேடு. ஒவ்வொரு கல்லும் முந்தின கல் போட்ட கீறலை அழித்துவிட்டு அதைவிடச் சின்னக் கீறலைப் போடும். கீறல் ஒளியின் அலைநீளத்தை நெருங்குகிற அளவுக்குச் சின்னதாகிவிட்டால் ஒளி சிதறாமல் திரும்புகிறது. அதைத்தான் பளபளப்பு என்கிறோம். நடுவில் ஒரு கல்லைத் தாண்டினால் அந்தக் கீறல் கடைசி வரை போகாது. அவசரக் கான்ட்ராக்டர் போட்ட தரையில், சாய்வாக வெளிச்சம் படும்போது வட்டம் வட்டமாகக் கோடு தெரிவது அதனால்தான்.

பீகாரில் பராபர் குகைகளின் உள்சுவரைக் கிரானைட்டில் கண்ணாடி மாதிரி பாலீஷ் போட்டு வைத்திருக்கிறார்கள். அசோகர் காலம், கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. மெஷின் இல்லை, கரண்ட் இல்லை. கீறலைப் படிப்படியாகச் சின்னதாக்கும் பொறுமை மட்டும் இருந்தது. அவர்களை மகா கலைஞர்கள் என்று வரலாற்றுப் புத்தகம் பாராட்டுகிறது. இன்றைக்கு அதே வேலையை ஒரு ஷோரூம் தரையில் செய்கிறவருக்கு டீ வாங்கித் தரக்கூட ஆளில்லை.

நம் இந்தியத் தர நிர்ணயத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. சிமெண்ட் மொசைக் ஓடுகளைப் பதித்துப் பாலீஷ் போட ஐ.எஸ். 1443, அங்கேயே கலவை போட்டு வார்க்கும் டெரஸ்ஸோ தரைக்கு ஐ.எஸ். 2114. சிவில் நண்பர்கள் நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

இப்போது ஒரு கணக்கு. ஆஸ்பத்திரியிலும் ரயில்வே ஸ்டேஷனிலும் பார்த்திருப்பீர்கள், ஒரே ஒரு வட்டத் தட்டு சுற்றும் 'சிங்கிள் டிஸ்க்' மெஷின். நிமிஷத்துக்குச் சுமார் 150-லிருந்து 175 சுற்று. இதற்கு ஓட்டுகிற சக்கரம் கிடையாது, ஸ்டீயரிங்கும் கிடையாது. அப்படியென்றால் இடது பக்கமும் வலது பக்கமும் எப்படிப் போகிறது? கைப்பிடியைத் துளி தூக்கினால் வலது பக்கம், துளி இறக்கினால் இடது பக்கம்! ஏன்? மேலிருந்து பார்த்தால் தட்டு இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. கைப்பிடியைத் தூக்கினால் பாரம் தட்டின் முன் விளிம்புக்குப் போகிறது. முன் விளிம்பு இடப்பக்கம் ஓடிக்கொண்டிருப்பதால், தரை தருகிற உராய்வு விசை அதற்கு எதிராக வலப்பக்கம் தள்ளுகிறது. இறக்கினால் பாரம் பின் விளிம்புக்கு வந்து எல்லாம் தலைகீழ். அப்ளைடு மெக்கானிக்ஸில் உராய்வு விசை என்று நாம் ஃப்ரீ பாடி டயகிராம் போட்டு மார்க் வாங்கினோமே, அதையே ஒரு அம்மா இடுப்பால் கணக்குப் போட்டு நாள் பூரா ஓட்டுகிறார். சந்தேகம் இருந்தால் கேட்டு வாங்கி ஒரு நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். மெஷின் உங்களை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதும்!

எலக்ட்ரிகல் நண்பர்கள் கவனத்துக்கு

ஈரத் தரை, வெறுங்கால் அல்லது தேய்ந்த ரப்பர் செருப்பு, கையில் கரண்டில் ஓடும் மெஷின். பாடப்புத்தகத்தில் 'எப்படி இருக்கக்கூடாது' என்று போட்டிருக்கும் படம் இதுதான். ஒயர் நீளம் பத்தாது என்று முறுக்கி இணைத்து டேப் சுற்றியிருப்பார்கள். பிளக்கில் எர்த் பின் உடைந்து போயிருக்கும், அதையும் பொருட்படுத்தாமல் சொருகுவார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் துண்டித்துவிடுகிற ஆர்.சி.சி.பி. ஒன்று அந்த இணைப்பில் இருந்தால் உயிர் பிழைக்கும். ஒரு ஸ்மார்ட்போன் விலையில் பல ஆர்.சி.சி.பி. வாங்கலாம். ஆனால் யார் சொல்வது?

கல்லைத் தேய்ப்பதிலும் உயிர் விஷயம் இருக்கிறது. தண்ணீர் விடாமல் கிரானைட்டையோ கான்கிரீட்டையோ அரைத்தால் சிலிக்கா தூசி பறக்கும். வருஷக் கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் கெட்டுப்போய் 'சிலிகோசிஸ்' வரும். அது வந்தால் குணமாவதில்லை. மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் உளிச் சத்தத்தோடு இப்போது கிரைண்டர் சத்தமும் கேட்கிறது, அங்கே இருக்கும் அபாயமும் இதேதான். தண்ணீர் விட்டு அரைப்பது, சரியான முகக்கவசம் போடுவது, இரண்டும் தெரிந்தால் தடுக்கலாம். கழுத்தில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது கவசம் ஆகாது.

சட்டம் ஏறி இறங்கிய கதை

இவ்வளவு விஷயம் அடங்கிய வேலைக்கு அரசாங்கம் என்ன விலை வைத்திருக்கிறது என்று பார்ப்போம்.

மத்திய அரசின் வரம்புக்குள் வரும் நிறுவனங்களுக்கு 2024 அக்டோபர் 1 முதல் அறிவித்த குறைந்தபட்சக் கூலியில், பெருக்குதல், சுத்தம் செய்தல், ஏற்றி இறக்குதல் எல்லாம் ஒரே கூட்டில், திறன் தேவைப்படாத வேலையாக வைக்கப்பட்டன. பெருநகரங்கள் அடங்கிய 'ஏ' பகுதியில் நாளொன்றுக்கு 783 ரூபாய். அதே அறிவிப்பில் திறன் பெற்ற தொழிலாளிக்கு 954 ரூபாய். வித்தியாசம் 171 ரூபாய். மாதம் 26 நாளுக்குக் கணக்குப் போட்டால் 4,446 ரூபாய். 'அன்ஸ்கில்டு' என்பது சும்மா ஒரு பெயர் இல்லை என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தப் பெயரின் விலை இது. அந்தப் பணத்தில் ஒரு பையன் பாலிடெக்னிக் படித்துவிட மாட்டானா?

இன்னொன்று கான்ட்ராக்ட். 1970-ல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் கீழ் மத்திய அரசு 1976 டிசம்பர் 9-ம் தேதி ஓர் அறிவிப்பு போட்டது. மத்திய அரசு வரம்பில் உள்ள நிறுவனங்களின் கட்டடங்களைப் பெருக்குவது, சுத்தம் செய்வது, தூசி தட்டுவது, காவல் காப்பது, இவற்றுக்கு 1977 மார்ச் 1 முதல் கான்ட்ராக்ட் ஆள் வைக்கக்கூடாது என்று! 1996 டிசம்பரில் ஏர் இந்தியா வழக்கில் சுப்ரீம் கோர்ட், அப்படித் தடை வந்த வேலையில் இருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளர்களை நிறுவனமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எத்தனை வீடுகளில் அன்றைக்குச் சந்தோஷப்பட்டிருப்பார்கள்! ஐந்து வருஷம் கூட நிலைக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 30-ம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் அந்தத் தீர்ப்பை மாற்றி, 1976 அறிவிப்பையும் ரத்து செய்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு என்ன சொல்கிறது? ஒரு நிறுவனத்தின் முக்கிய வேலைக்குக் கான்ட்ராக்ட் ஆள் கூடாதாம். ஆனால் பெருக்குவதும் சுத்தம் செய்வதும் 'முக்கிய வேலை'யில் சேராதாம், அந்த நிறுவனமே சுத்தம் செய்வதற்காக ஏற்பட்டதாக இருந்தால் ஒழிய.

ஆஸ்பத்திரிக்குச் சுத்தம் முக்கிய வேலை இல்லையா? ஒரு நாள் துடைக்காமல் விட்டுப் பார்க்கட்டும்!

வெளியூர் நிலவரம்

எங்கேயும் இப்படித்தான் என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியில் கட்டடச் சுத்தம் என்பது முறையான கைத்தொழில். அதற்கு அப்ரண்டிஸ் பயிற்சி எத்தனை வருஷம் தெரியுமா? மூன்று வருஷம். நம் டிப்ளமோவும் மூன்று வருஷம்தான்! பரப்பு வகை, ரசாயனம், மெஷின், பாதுகாப்பு எல்லாம் படித்துப் பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்க வேண்டும். அதற்கு மேல் 'மாஸ்டர்' பட்டமும் இருக்கிறது.

நம் தமிழ் ஜனங்கள் நிறைய இருக்கும் சிங்கப்பூரில் 2014 செப்டம்பர் முதல் துப்புரவு நிறுவனங்களுக்கு லைசென்ஸ் கட்டாயம். லைசென்ஸ் வேண்டுமென்றால் தொழிலாளிக்குப் பயிற்சி தர வேண்டும், படிப்படியான சம்பள ஏணியைப் பின்பற்ற வேண்டும். சாதாரணத் துப்புரவாளர் ஒரு படி, மெஷின் ஓட்டுகிறவர் மேல்படி, சூப்பர்வைசர் அதற்கும் மேல்படி. திறனுக்குத் தனி விலை உண்டு என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

இதெல்லாம் எல்லா இடத்திலும் தானாகக் கிடைத்துவிடவில்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் 1990-ல் ஆபீஸ் கட்டடங்களைச் சுத்தம் செய்யும் தொழிலாளிகள், பெரும்பாலும் பிழைக்க வந்த ஏழைகள், வேலை நிறுத்தம் செய்தார்கள். ஜூன் 15-ம் தேதி ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. ஆனாலும் சங்கத்தை அங்கீகரித்து ஒப்பந்தம் போட வைத்துவிட்டார்கள். நம் சென்னையிலும் 2025 ஆகஸ்டில், வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே என்று தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் நாள் கணக்கில் உட்கார்ந்திருந்ததையும், கடைசியில் இரவோடு இரவாக அப்புறப்படுத்தப்பட்டதையும் பார்த்தோம்.

"நாம படிச்சது இதுக்கா?"

இதைப் படிக்கிற ஒரு நண்பர், "எல்லாம் சரி மச்சி, அதுக்காக டிப்ளமோ முடிச்சிட்டு நாம போய் மாப்பு போடணுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லோரும் போய் மாப்பு போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இந்தத் தொழிலைச் சுற்றி நமக்கான வேலை ஏகப்பட்டது இருக்கிறது. மெஷின் சர்வீஸ், பேட் தேர்வு, எந்தத் தரைக்கு எந்த முறை என்று எஸ்டிமேட் போடுவது, பாதுகாப்பு சோதனை, பயிற்சி கொடுப்பது. கட்டடத்தை வரைகிற சிவில்காரர், வாசலில் மிதியடிக்குப் பள்ளம் விட்டு வரைந்தாலே அந்தத் தரையின் ஆயுள் கூடிவிடும். மூன்று வருஷப் படிப்பில் தரையை எப்படிப் போடுவது என்று படிக்கிறோம். போட்ட தரையை எப்படிக் காப்பாற்றுவது என்று ஒரு பக்கம் கூட நான் படித்த ஞாபகம் இல்லை.

எனக்குத் தெரிந்த சீனியர் அண்ணன் ஒருவர், மெக்கானிக்கல் முடித்தவர், தரை மெஷின்களை ரிப்பேர் செய்கிற வேலையில் இருக்கிறார். மோட்டார் சத்தத்தைக் கேட்டே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா, கியர் போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். நல்ல சம்பளம். ஆனால் சொந்தக்காரர்களிடம் "ஐ.டி. கம்பெனியில இருக்கேன்" என்றுதான் சொல்கிறார். பொண்ணு பார்க்கப் போன இடத்திலும் அப்படித்தான் சொன்னாராம். ஏன் அண்ணே என்று கேட்டேன். "துடைப்பக் கட்டைன்னாலே ஜாதியக் கேப்பாங்கடா" என்றார்.

உண்மை அதுதான் நண்பர்களே. மூடி மறைத்து என்ன பயன்? சுத்தம் செய்கிற வேலையைச் சில ஜாதிகளின் தலையில் கட்டிவைத்துப் பல நூறு வருஷம் ஆகிறது. அந்த வேலைக்குத் திறன் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், இத்தனை காலம் அவர்கள் திறனைத் திருடியதை ஒப்புக்கொள்ள வேண்டி வரும். அதனால்தான் 'அன்ஸ்கில்டு' என்ற பெயர் இவ்வளவு வசதியாக இருக்கிறது. ஜெர்மன்காரனுக்கு மூன்று வருஷம் தேவைப்படுகிற வேலையை நம் ஊர் அம்மா பிறவியிலேயே தெரிந்துகொண்டு வருகிறார் என்று நாம் நம்புவதற்கு வேறு என்ன காரணம்?

மெஷின் வந்தால் ஆள் வேலை போய்விடும் என்கிற பயமும் இருக்கிறது. பத்துப் பேர் செய்வதை மெஷினோடு மூன்று பேர் செய்யும் நிலை வரலாம், மறுக்கவில்லை. ஆகவேதான் அந்த மெஷினை ஓட்டும் பயிற்சியும், அதற்குரிய சம்பளமும் இன்றைக்கு வேலையில் இருப்பவர்களுக்கே முதலில் போக வேண்டும் என்கிறேன். இடுப்பு ஒடியக் குனிந்து துடைத்தவர்தான் நிமிர்ந்து நின்று மெஷின் ஓட்ட வேண்டும்.

நம் சங்கம் செய்யக்கூடியவை

வெறுமனே பேசிவிட்டுப் போக விரும்பவில்லை. அடுத்த வருஷச் சங்க நிர்வாகிகளுக்கு நாலு கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று. நம் கல்லூரியைச் சுத்தம் செய்கிற அம்மாக்களுக்குக் கையுறை, நல்ல முகக்கவசம், உட்கார ஓர் இடம், மாதாமாதம் சம்பளச் சீட்டு, இந்த நாலும் கிடைக்கிறதா என்று சங்கம் போய்க் கேட்க வேண்டும். கான்ட்ராக்டரைக் கேளுங்கள் என்று ஆபீஸில் சொல்வார்கள். கான்ட்ராக்டரையும் கேட்போம்.

இரண்டு. 'ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேர்க்காதே, உயிருக்கு ஆபத்து' என்று தமிழில், பெரிய எழுத்தில், படம் போட்டு எழுதி ஒவ்வொரு கழிவறை வாசலிலும் ஒட்டுவோம். செலவு ஒரு சினிமா டிக்கெட்.

மூன்று. எலக்ட்ரிகல் மாணவர்கள், நம் கல்லூரியிலும் அக்கம்பக்கத்துக் கடைகளிலும் இருக்கும் தரை மெஷின்களின் ஒயர், எர்த், ஆர்.சி.சி.பி. எல்லாவற்றையும் சோதிப்பதை ஃபைனல் இயர் புராஜெக்டாக எடுக்கலாம். ஹாலில் தூசி படிகிற மாடல் செய்வதைவிட இது நாலு உயிருக்கு உபயோகம்.

நான்கு. இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிற ஒருவரை, பெண்ணோ ஆணோ, வருஷத்துக்கு ஒரு முறை கெஸ்ட் லெக்சருக்குக் கூப்பிட வேண்டும். மேடையில் நாற்காலி போட்டு, பொன்னாடை போர்த்தி, மற்ற கெஸ்ட்டுகளுக்குக் கொடுக்கிற அதே தொகையைக் கொடுத்து. சிங்கிள் டிஸ்க் மெஷினை அவர் ஓட்டிக் காட்டட்டும். உராய்வு விசை என்றால் என்ன என்று நம் பையன்களுக்கு அன்றைக்குத்தான் புரியும்.

இதோடு, நமக்கு நாமே ஒன்று. வொர்க்‌ஷாப்பில் லேத்தை நிறுத்தியதும் சிப்ஸையும் எண்ணெயையும் அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறோம். எண்ணெய் சிந்திய இடத்தில் மரத்தூளைப் போட்டு எடுக்கப் பத்து நிமிஷம் ஆகாது. நமக்குப் பின்னால் வருகிற அந்த அம்மா வழுக்கி விழுந்தால், கான்ட்ராக்டர் அவருக்கு லீவு கூடத் தர மாட்டார்.

சிந்திப்போம் நண்பர்களே! கூடிப் பேசுவோம், முதல் போஸ்டரை இந்த மாதமே ஒட்டுவோம். எழுதுவதற்கு நான் ரெடி. பசையும் பிரஷும் யார் கொண்டுவருகிறீர்கள்?

— இறுதியாண்டு, இயந்திரவியல் துறை
அணுபுரம்